நானூற்றுப் பன்னிரண்டு முத்துப்பேச்சிகள்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பித்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் நான் சொல்லப்போகிற காட்டில் சிங்கமும் கிடையாது, ராஜாவும் கிடையாது. கள்ளிப்பொத்தை என்று பெயர். அங்கே நடந்தது பேரவை ஆட்சி. சபாநாயகராக ஒரு யானை இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள், செயலகம் இருந்தது. மாதம் மும்மாரி பெய்யாவிட்டாலும் மாதம் மூன்று மசோதா தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பொத்தை என்றால் சிறு குன்று. அதன் கிழக்குச் சரிவில், செம்மண் இளகிக் கிடக்கும் இடத்தில், முத்துப்பேச்சி என்று ஒரு வெள்ளெலி குடியிருந்தாள். ஆறு பிள்ளைகள். புருஷன் கடலைக் காட்டுக்கு வேலைக்குப் போனவன். அறுவடை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினான். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பும் ஆகிவிட்டது, ஆளைக் காணோம். முத்துப்பேச்சி அதற்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரவில்லை. ஆறு பிள்ளை பெற்றவளுக்கு உட்கார ஏது நேரம்?

அவள் வளைக்கு இரண்டு வாசல். முன்வாசல் எருக்கஞ்செடியின் மூட்டில், வேரடியில், இருந்தது. பின்வாசல் ஒரு சுரங்கம் வழியாக, பக்கத்தில் இருந்த நாத்தனார் செண்பகவடிவின் வளைக்குள் போய்த் திறந்தது. போன ஆடி மாதம் ஒரு சாரைப்பாம்பு சொல்லாமல் கொள்ளாமல் முன்வாசல் வழியாக விருந்துக்கு வந்துவிட்டது. முத்துப்பேச்சி பிள்ளைகளின் பிடரியைக் கவ்விக் கவ்விப் பின்வாசலில் எறிந்தாள். அந்தப் பக்கம் நின்ற வடிவு ஆறு பேரையும் பிடித்துக்கொண்டாள். ஏழாவதாக முத்துப்பேச்சி வந்து விழுந்தபோது பாம்பின் மூச்சு அவள் வாலில் பட்டது. அன்றிலிருந்து அந்தப் பின்வாசல் அவளுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி.

இப்படி இருக்கையில்தான் வாகை மரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'வளைகள், பொந்துகள் மற்றும் புற்றுகள் (வாசல் ஒழுங்குமுறை) மசோதா.' கொண்டுவந்தவர் பேரவை உறுப்பினர் நரியார் திருமேனி. போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஓர் எலியை ஒரு வாசலில் எண்ணி முடித்தால் அதே எலி இன்னொரு வாசலில் வந்து நின்று மறுபடியும் எண்ணப்பட்டதாம். காட்டின் புள்ளிவிவரம் சந்தி சிரித்ததாம். ஆகவே இனி ஒரு வளைக்கு ஒரே வாசல். மீதி வாசல்களை மண்ணடித்து மூட வேண்டும். பொதுமக்கள் முப்பது நாளைக்குள் கருத்துத் தெரிவிக்கலாம்.

பார்த்தவர்கள் எல்லாரும் தலைப்பைப் படித்துவிட்டு, நல்ல பெரிய தலைப்பு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். முத்துப்பேச்சி ஒருத்திதான் அடி வரி வரைக்கும் படித்தாள். படித்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லா வளைக்கும் ஒரே வாசல்தான் என்று ஆகிவிட்டால் நரி அந்த வாசலில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அப்புறம் கணக்கெடுக்க எலி ஏது?

அவள் வளை வளையாகப் போனாள். "மக்கா, பின்வாசலை மூடச் சொல்லுதான் நரி. இப்ப பேசலைன்னா பொறவு பேச வாய் இருக்காது" என்று சொன்னாள்.

கிழக்குச் சரிவு மொத்தமும் பாறையடியில் கூடியது. அந்தக் கூட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாருக்கும் கோபம் இருந்தது, எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். பிச்சைக்கண்ணு மாமா என்கிற மூத்த வெள்ளெலி எழுந்து தீர்மானமாகச் சொன்னார்: "ஏ பேச்சி, நீ எழுத்து தெரிஞ்சவ. நீ ஒன்னு எழுதித் தா. அதைப் பாத்து நாங்க அப்பிடியே எழுதிருதோம். ஒரு எழுத்து மாறாது."

மாறவும் இல்லை. வினை அங்கேதான் இருந்தது.

முத்துப்பேச்சி ஒரு தேக்கிலையை எடுத்து முறைப்படி எழுதினாள். 'அனுப்புநர்: முத்துப்பேச்சி, எருக்கஞ்செடி மூடு, கிழக்குச் சரிவு. பெறுநர்: செயலாளர் அவர்கள், காட்டுப் பேரவை. பொருள்: பின்வாசல் வேண்டுதல் சம்பந்தமாக. ஐயா, வணக்கம். மேற்படி மசோதா வந்தால் எனக்கும் என் ஆறு பிள்ளைகளுக்கும் ஆபத்து...' இப்படிப் போய் 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிந்தது.

நானூற்றுப் பதினோரு எலிகள் அதைப் பார்த்து எழுதின. அனுப்புநர் பெயரையும் பார்த்து எழுதின. கல்யாணமாகாத பெண்களெல்லாம் 'என் ஆறு பிள்ளைகள்' என்று எழுதினார்கள். மீசை நரைத்த பிச்சைக்கண்ணு மாமா முத்துப்பேச்சி என்று கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வரியில் அவள் ஒரு சொல்லை அடித்துத் திருத்தியிருந்தாள். அத்தனை பேரும் அதே இடத்தில் அதே சொல்லை எழுதி, அடித்து, திருத்தினார்கள். சிரத்தை என்றால் அப்படி ஒரு சிரத்தை. முத்துப்பேச்சி பிள்ளைகளுக்குக் கோஷம் சொல்லிக்கொடுப்பதில் மும்முரமாக இருந்ததால் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. "மூடாதே மூடாதே, பின்வாசலை மூடாதே" என்று ஊர்வலம் போய், இலைக் கட்டைச் செயலகத்தில் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பத்து நாள் கழித்து வாகை மரத்தில் இடைக்கால அறிக்கை வந்தது. ஆதரவு பதினொன்று. ஆட்சேபணை ஒன்று. கீழே ஒரு குறிப்பு: 'முத்துப்பேச்சி என்பவர் ஒரே கடிதத்தை நானூற்றுப் பன்னிரண்டு முறை அனுப்பியுள்ளார். இனி அவ்வாறு செய்ய வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

அவளுக்கு ரத்தம் கொதித்தது. நேரே செயலகத்துக்குப் போனாள். வரிசையில் நத்தைக்குப் பின்னால் நிற்க நேர்ந்ததால் அந்தக் கொதிப்பு மத்தியானத்துக்குள் ஆறிப்போனது.

பேரவைச் செயலாளர் கோமதிநாயகம் ஒரு முள்ளம்பன்றி. தங்கமான மனுஷன், முள்ளம்பன்றியை மனுஷன் என்று சொல்லலாமானால். லஞ்சம் வாங்கமாட்டார், எரிந்து விழமாட்டார், விதியைத் தாண்டி ஒரு மூச்சு விடமாட்டார்.

"வாம்மா, நீதான் அந்த முத்துப்பேச்சியா? ஆறு பிள்ளையை வச்சுக்கிட்டு நானூறு கடிதம் எழுத உனக்கு எப்பிடிம்மா நேரம் கிடைச்சுது?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

அவர் கட்டைப் பிரித்துக் காட்டியதும் முத்துப்பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, பேரை மட்டும் மாத்தி எழுதுனா எண்ணுவியளா?"

"மாட்டேன். பதினாலாம் விதி. ஒரே மாதிரி இருந்தா எத்தனை வந்தாலும் ஒரு கருத்துதான். நீங்க ஒத்துமையா வந்தீங்க பாரு, அங்கதான் தப்பு."

"அப்போ நரியாரு பக்கம் பதினொன்னு வந்திருக்கே?"

"அது பதினொன்னும் பதினொரு விதம். ஒன்னுல காட்டுப்பற்று, ஒன்னுல புள்ளிவிவரம், ஒன்னுல வளைக்குள்ள காத்து அடிச்சா பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்னு. கையெழுத்து எல்லாம் ஒரே கைதான். ஆனா கையைப் பத்தி விதியில ஒன்னும் சொல்லலை."

சொல்லிக்கொண்டே அவர் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நரியாரின் சளிக் கடிதத்தைக் கோப்பில் குத்தித் தைத்தார். அந்தக் காட்டில் குண்டூசி கிடையாது. செயலாளர் முதுகுதான் எழுதுபொருள் கிடங்கு.

"ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு முள்ளாய்யா?"

"ஆமாம்மா, பதினஞ்சாம் விதி. செயலாளர் தன் முள்ளாலதான் தைக்கணும். வந்த கருத்து பூராவும் தைச்ச பொறவுதான் மசோதா சபைக்குப் போகும். ஒன்னு விட்டாலும் போகக் கூடாது. மொத்தம் பன்னெண்டு கருத்து, பன்னெண்டு முள்ளு. நமக்கு வலியே தெரியலை."

முத்துப்பேச்சி அவர் முதுகை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். "எங்களுக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து எழுதுனா?"

"அதுவும் கருத்துதான்."

"திட்டி எழுதுனா?"

"மரியாதையாத் திட்டுனா கருத்துதான்" என்றார் அந்த நல்லவர். தன் முதுகைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது கெடு முடிய ஒன்பது நாள் பாக்கி இருந்தது. முத்துப்பேச்சி ஊருக்கு வந்து, இனி ஆளுக்கு ஒரு விதமாக எழுதுங்கள் என்று சொன்னாள். ஊர் திருதிருவென்று விழித்தது. நீ எழுதினதே நல்லாத்தானே இருந்தது, அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். மூன்று நாளில் நாற்பது இலை வந்தது. நாற்பதிலும், 'முத்துப்பேச்சி சொன்னதே என் கருத்தும்' என்று இருந்தது.

அன்று அவளுக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஒத்துப்போகிறவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூடக் கிடைக்காது. சண்டைக்காரனுக்குத்தான் வார்த்தை தட்டுப்பாடே வராது.

நேரே நாத்தனாரிடம் போனாள். "மதினி, நாம ரெண்டு பேரும் சண்டை போடணும்."

செண்பகவடிவு அப்போது ஒரு கோரைக்கிழங்கைக் கொறித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குட்டி? நமக்குள்ள என்ன?"

"ஒன்னும் இல்லை. சும்மாதான். வளைக்கு ரெண்டு வாசல் போதும்னு நான் சொல்லுதேன். மூணு வேணும்னு நீங்க சொல்லுங்க. நாலு பேரு பாக்க, சத்தமா."

"மூணு வேணும்தானட்டி? என் வளையில மூணுதான் இருக்கு."

"அதைத்தான் அங்க வந்து சொல்லுங்க மதினி."

மறுநாள் காலையில் ஊற்றடியில், ஊரே தண்ணீர் குடிக்கிற நேரத்தில், இருவரும் ஆரம்பித்தார்கள். இரண்டு வாசல்தான் குடும்பத்துக்கு லட்சணம் என்றாள் முத்துப்பேச்சி. மூன்று வாசல் இல்லாதது வளையே இல்லை, வெறும் குழி என்றாள் வடிவு. முதலில் கேட்டவர்கள் சமாதானம் பண்ண வந்தார்கள். சமாதானம் பண்ண வந்தவரில் ஒருவர் நான்கு வாசல்காரர். குழி என்ற சொல் பிச்சைக்கண்ணு மாமாவுக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அவர் வளைக்கு இரண்டே வாசல். வாசல் எத்தனை இருந்தால் என்ன, தெற்கே பார்த்து இருந்தால் வளைச் சாத்திரத்துக்கு ஆகாது என்று அவர் வேறு ஒரு திசையில் கிளப்பினார். வளைச் சாத்திரம் என்று ஒன்று உண்டா என்று முயல்கள் கேட்டன. முயல் என்ன கேட்பது என்று கீரி வந்தது. நண்டு மட்டும், வளைக்கு ஒரு வாசல் போதும், ஆனால் ஆளுக்கு இரண்டு வளை வேண்டும் என்று புதுக்கட்சி தொடங்கியது. சாயங்காலத்துக்குள் தேக்கு மரங்களில் கைக்கெட்டிய உயரம் வரைக்கும் இலை இல்லை.

ஆளுக்கு மூன்று, நான்கு கடிதம் எழுதினார்கள். ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவர் மறுப்பு எழுதினார், மறுப்புக்கு மறுப்பு எழுதினார்கள். இந்த எலிகள் போடுகிற சத்தத்தில் முட்டையில் உட்கார முடியவில்லை என்று ஒரு மயில் எழுதியது. அதையும் கோமதிநாயகம் வாங்கி ரசீது கொடுத்தார். அவருடைய விதி அப்படி. நண்டைத் தவிர, ஒரே வாசல் போதும் என்று புதிதாக ஒருவரும் எழுதவில்லை. மற்றபடி ஒரு கடிதம்கூட இன்னொன்றைப் போல இல்லை. கெடு முடிந்த அன்று எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து அறுநூற்று நாற்பது கருத்து.

பேரவை கூடிய நாளில் கிழக்குச் சரிவு மொத்தமும் பார்வையாளர் மேட்டில் உட்கார்ந்திருந்தது, கட்சி கட்சியாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு. செயலாளர் உள்ளே வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு பெரிய பெருச்சாளி கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவதாக நினைத்தார்கள். அவர் முதுகில் ஒரு முள் இல்லை. குளிருக்கு ஒரு வாழையிலையைப் போர்த்தியிருந்தார்.

"சபாநாயகர் அவர்களே, தொள்ளாயிரம் கருத்தைத் தைச்சுட்டேன். எழுநூத்தி நாப்பது பாக்கி. சரக்கு தீர்ந்துபோச்சு" என்றார்.

யானை தும்பிக்கையால் நெற்றியைத் தடவியது. "தைத்ததில் ஒன்றிரண்டு படியுங்கள், கேட்போம்."

மேலே இருந்ததை அவர் எடுத்தார். அது செண்பகவடிவின் கடிதம். "என் தம்பி பெண்டாட்டி முத்துப்பேச்சிக்கு வாசலைப் பற்றி என்ன தெரியும்? அவளுக்கு எதிலும் சிக்கனம். இரண்டு வாசல், இரண்டு வார்த்தை. என் தம்பி ஊர் திரும்பாததற்குக் கடலைதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது. சும்மா போட்ட சண்டையில் இவ்வளவு ஆழத்துக்கா தோண்டுவார்கள்? அவள் மதினியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த கடிதத்தைப் படித்தார்கள். அது அவள் எழுதியது. "என் நாத்தனார் மூன்று வாசல் வைத்திருப்பது பாதுகாப்புக்காக என்று சபை நம்ப வேண்டாம். மூன்று தெருக் கதையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பதற்காக."

இதற்கும் சபை சிரித்தது. வடிவு எழுந்து போய்விட்டாள்.

நரியார் குதித்தார். "தலைவரே, இவங்களுக்குள்ளயே ஒருத்தருக்கொருத்தர் ஒத்துவரலை. இவங்க பேச்சையா கேக்கிறது?"

"ஒத்துவராததால்தான் குழுவுக்கு அனுப்புகிறேன். செயலாளருக்கு முள் முளைத்து, பாக்கியைத் தைத்து முடிக்கும்வரை மசோதா தேர்வுக்குழுவின் பரிசீலனையில் இருக்கும். முளைப்பதற்குள் வருகிற கருத்துகளும் சேர்த்துக்கொள்ளப்படும்" என்றது யானை. அந்தக் காட்டில் தேர்வுக்குழுவுக்குப் போன மசோதா திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

கிழக்குச் சரிவு கொண்டாடியது. முத்துப்பேச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தூக்கியவர்களுக்குள் எந்தப் பாதையில் போவது என்று சண்டை போட்டபடியே. அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பின்வாசல் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். அந்தப் பக்கம் மண் பறிக்கிற சத்தம் கேட்டது. சர் சர்ரென்று விடாமல் கேட்டது.

மதினி வாசலை அடைக்கிறாள். அடைக்கட்டும், அவள் பக்கத்து மண், அவள் உரிமை. சட்டத்தால் மூட முடியாத வாசலை நம் வாயாலேயே மூடிவிட்டோமே என்று நினைத்தபோது முத்துப்பேச்சிக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் முன்வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"முத்துப்பேச்சி அம்மா இருக்காங்களா? வெற்றி பெற்றவங்களுக்கு வாழ்த்து சொல்லலாம்னு வந்தேன்" என்றார் நரியார் திருமேனி. சொல்லி முடிப்பதற்குள் முன்னங்கால்களால் மண்ணை வாரத் தொடங்கிவிட்டார். அவர் வாழ்த்துச் சொல்கிற முறை அது.

எருக்கஞ்செடி சாய்ந்தது. மூக்கு உள்ளே வந்தது. முத்துப்பேச்சி ஆறு பிள்ளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு சுரங்கத்தில் ஓடினாள். அடைத்திருந்தால் பல்லால் தோண்டலாம், எத்தனை நிமிஷம் ஆகும், கடைசிப் பிள்ளை எட்டுமா என்று ஓடும்போதே அவள் மனம் கணக்குப் போட்டது. பிள்ளைகளுக்கு எதிரே வெளிச்சம் தெரிந்தது.

வாசல் அடைபடவில்லை. முன்பு இருந்ததைவிட ஒரு மடங்கு அகலமாக இருந்தது. பிள்ளைகள் போன ஆடிக்கு இப்போது இரட்டிப்பாகப் பெருத்துவிட்டார்கள் என்பதைப் பெற்றவள் கவனிக்கவில்லை, வடிவு கவனித்திருந்தாள். நேற்று முழுக்க அவள் பறித்தது அந்த மண்தான். இரண்டு இரண்டு பேராகப் பிள்ளைகள் போய் விழ, வடிவு பிடித்து நிறுத்தினாள்.

முத்துப்பேச்சியும் வந்து விழுந்தாள். வடிவு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூத்த பிள்ளையிடம் சொன்னாள்: "ஏலே, உங்கம்மாகிட்ட கேளு. ரெண்டு வாசல் போதும்னாள்லா, இப்ப எங்க வந்து நிக்கான்னு கேளு."

"உங்க அத்தைகிட்ட சொல்லுல. இதுதான் அந்த ரெண்டாவது வாசல்னு சொல்லு" என்றாள் முத்துப்பேச்சி, மூச்சு வாங்க.

பின்னால் சுரங்கம் இடிந்து, நரியாரின் தும்மல் சத்தம் கேட்டது. அவர் பாதி உடம்போடு உள்ளே வந்துவிட்டிருந்தார்.

"அப்போ இங்கன நரி வந்துட்டா என்ன செய்வாளாம்? கேளு."

எட்டுப் பேரும் வடிவின் மூன்றாவது வாசல் வழியாக வெளியே வந்து, உடைமுள் புதருக்குள் புகுந்துகொண்டார்கள். நரியார் மூக்கு நிறைய மண்ணோடு வெகுநேரம் தேடிவிட்டு, பேரவைக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு முத்துப்பேச்சி கடைக்குட்டியைக் கூப்பிட்டாள். "உங்க அத்தைகிட்ட சொல்லு. மூணு வாசல்ங்கறது கொஞ்சம் ஆடம்பரம்தான். ஆனா மோசம்னு சொல்ல முடியாதுன்னு சொல்லு."

"உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள் வடிவு. "சாப்பிட வரச் சொல்லு. கிழங்கு இருக்கு. ஆனா நான் இன்னும் பேசலைன்னு சொல்லு."

கோமதிநாயகத்துக்கு இப்போது கழுத்து வரைக்கும் முள் முளைத்துவிட்டதாகத் தகவல். அதனால் முத்துப்பேச்சியும் வடிவும் வாரம் தவறாமல் ஆளுக்கு ஒரு கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நீதி: ஒற்றுமையாகப் போய் மனுக் கொடுத்தால் ஊரே சேர்ந்தாலும் ஓர் ஆள்தான். ஆகவே நாட்டுக்கு நல்லது செய்ய விரும்புகிறவர்கள் இன்றே நாத்தனாரோடு சண்டை போடவும்.